கதவெண் ஒன்று, குடித்தனம் இரண்டு

கணினியில் ஓடும் ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டுமானால் அதற்கு ஒரு போர்ட் எண் வேண்டும். இந்த எண் 16 பிட் அளவுடையது. 0 முதல் 65535 வரை போகும். இணையப் பக்கத்துக்கு 80, மறையாக்கம் செய்த இணையப் பக்கத்துக்கு 443, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306 என்று வழக்கத்தில் நிலைத்துவிட்ட எண்கள் சில உண்டு. ஒரு முகவரி, ஒரு நெறிமுறை, ஒரு எண் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் ஒரு நிரல்தான் உட்காரலாம். அடுத்து வருவதை இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னல் 98 என்ற பிழை எண்ணைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்பது அந்தப் பிழையின் பொருள். ஒரே நெட்வொர்க்கைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு கன்டெய்னர்களுக்குள் இது நேர்வதைப் போர்ட் மோதல் என்கிறார்கள்.

சர்வர் அறையில் இதைத் தீர்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் நிரலை அடைத்து ஓட்டும் கன்டெய்னர் என்பதே ஒன்றின் காரியம் இன்னொன்றைத் தொடக்கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது. தனித்தனியாக இருப்பவை எப்படி மோதிக்கொள்ளும்? மோதுகின்றன என்றால் அவை எந்த அளவுக்குத் தனி? உயிர்கள் பலவா ஒன்றா, பல என்றால் எது அவற்றைப் பலவாக்குகிறது என்று வேதாந்தியும் சித்தாந்தியும் பல நூற்றாண்டு வாதிட்ட கேள்வியும் இந்த வடிவில்தான் இருக்கிறது. அந்த வாதத்தின் கருவிகள் இந்தச் சிக்கலுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன. எங்கே பொருந்தாமல் போகின்றன என்பது இன்னும் சுவையானது.

ஓர் இடத்தில் ஒருவர்தான் என்ற விதிக்குப் பழைய ஆதரவு உண்டு. அளவுக்கு உட்பட்ட மூர்த்தப் பொருள்கள் இரண்டு ஒரே வேளையில் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது நியாய வைசேடிகர் துணிபு. இரண்டு உடல்கள் ஓரிடத்தில் இருத்தல் இயலாது என்பதை அரிஸ்டாட்டில் தம் பௌதிக நூலில் இடத்தைப் பற்றிப் பேசும்போது அடிப்படையாகக் கொள்கிறார். ஜான் லாக் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில் இதையே ஒரு பொருளை அடையாளம் காணும் அளவுகோலாக்கினார்: ஒரே இனத்துப் பொருள்கள் இரண்டு ஒரே இடத்தில் ஒரே கணத்தில் இரா, ஆகவே இங்கே இப்போது இருப்பது ஒன்றே.

போர்ட் அப்படிப்பட்ட இடம்தானா என்று பார்த்தால், இல்லை. அதற்கு நீள அகலம் கிடையாது. டிசிபி நெறியில் 53ஐ ஒரு நிரலும் யூடிபி நெறியில் அதே 53ஐ வேறொரு நிரலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே கணினிக்கு இரண்டு முகவரிகள் இருந்தால் இரண்டிலும் 8080ஐ இரு வேறு நிரல்கள் ஆளலாம். ஆகவே போர்ட் என்பது இடத்தின் உடையில் வரும் பெயர். பெயர் மோதுவது வேறு வகை. கொங்கு நாட்டில் ஓர் ஊருக்கு நாலைந்து பழனிசாமிகள் இருப்பார்கள். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் இது தவிர்க்க முடியாதது. அதனால் எந்தப் பழனிசாமிக்கும் மேலில் காயம் படுவதில்லை. சிரமமெல்லாம் கூப்பிடுகிறவருக்கும் தபால்காரருக்கும்தான். அதனால்தான் மேற்காலத் தோட்டத்துப் பழனிசாமி, சின்னக்காட்டுப் பழனிசாமி என்று தோட்டத்தின் பெயரோ கூட்டத்தின் பெயரோ முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. கெர்னலும் தபால்காரர் நிலையில்தான் நிற்கிறது. வருகிற தரவுப் பொட்டலத்தில் முகவரியும் எண்ணும் மட்டுமே எழுதியிருக்கும். இரண்டு பேர் ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்தால் யார் கையில் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. எனவே உட்காரும்போதே தடுத்துவிடுகிறது.

தோட்டத்தின் பெயரை முன்னால் ஒட்டும் அதே உத்தியைக் கணினியில் செய்வதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். தமிழில் சொன்னால் பெயர்வெளி, வடமொழி மரபில் சொன்னால் நாமத்துக்கு ஒரு ஆகாசம். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு நிரலுக்குத் தெரியும் கோப்பு மரத்தை வெட்டிச் சுருக்கும் வசதி வந்தது. லினக்ஸில் கோப்பு அமைப்புக்கான பெயர்வெளி 2002இலும், நெட்வொர்க்குக்கான பெயர்வெளி 2008ஐ ஒட்டியும் சேர்ந்தன. இவற்றையெல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி எளிய கட்டளைக்குள் அடக்கி 2013 மார்ச்சில் வெளியுலகுக்குக் காட்டியது டாக்கர். நெட்வொர்க் பெயர்வெளி ஒன்றைப் பெற்ற கன்டெய்னருக்கு அதற்கே உரிய நெட்வொர்க் இடைமுகங்கள், வழிப் பட்டியல், தீச்சுவர் விதிகள், 65535 எண்கள் எல்லாம் உண்டு. ஆனால் கெர்னல் ஒன்றே. ஒரு கணினியில் நூறு கன்டெய்னர் ஓடினாலும் அடியில் இருப்பது அந்த ஒரு கெர்னல்தான்.

குடத்துக்குள் இருக்கும் வெளியும் குடத்துக்கு வெளியே இருக்கும் வெளியும் ஒன்றே, குடம் என்ற உபாதியால், அதாவது வரம்பால், இரண்டாகத் தோன்றுகின்றன என்பது அத்வைதத்தின் புகழ்பெற்ற உவமை. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் மூன்றாம் பிரகரணத்தில் இதை விரித்து, வரக்கூடிய ஆட்சேபத்தையும் தாமே எழுப்புகிறார். வெளி ஒன்றே என்றால், ஒரு குடத்தில் புகையும் தூசும் சேர்ந்தால் எல்லாக் குடங்களிலும் சேர வேண்டாமா? ஒருவர் துன்பப்படும்போது எல்லோரும் துன்பப்பட வேண்டாமா? சேராது என்பது அவர் விடை. தூசு அந்தந்தக் குடத்தின் எல்லைக்குள் நிற்கும். வெளி எதனாலும் அழுக்காவதில்லை. கன்டெய்னர் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வாதம் அன்றாட அனுபவம். ஒரு கன்டெய்னருக்குள் கோப்புகளை அழித்துக் குப்பையாக்கினாலும் பக்கத்துக் கன்டெய்னர் சுத்தமாக இருக்கும். குடம் உடைந்தால், அதாவது கன்டெய்னரை நீக்கினால், அதன் எல்லை மறைகிறதே தவிர கெர்னலில் எதுவும் குறைவதில்லை.

ஆனால் வேதாந்தியின் குடம் மண்குடம். அதன் சுவர் ஒரே சுவர். புகையை மறிக்கும் அதே சுவர் தண்ணீரையும் மறிக்கும். கன்டெய்னரின் சுவர் அப்படி இல்லை. கோப்புக்கு ஒரு சுவர், நிரல்களின் பட்டியலுக்கு ஒன்று, பயனர்களுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று தனித்தனியே எழுப்பப்பட்டவை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு வாங்கலாம். கோப்பில் முழுவதும் பிரிந்தும் நெட்வொர்க்கில் முழுவதும் ஒன்றியும் இருக்கும் குடத்தை எந்தக் குயவரும் வனைந்ததில்லை. போர்ட் மோதல் பிறப்பது இந்த அரைகுறைப் பிரிவில்தான். முழுதும் ஒன்றாக இருந்தால் மோத இரண்டு பேர் இல்லை. முழுதும் வேறாக இருந்தால் மோத இடம் இல்லை.

பல்லடத்தில் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். மேசைக்கடியில் ஒரு கணினி. அதில் இரண்டு கன்டெய்னர்கள்: ஒன்றில் தறிக்காரர்களின் கூலிக் கணக்கு, இன்னொன்றில் பாவு எத்தனை இறங்கியது, துணி எத்தனை மீட்டர் போனது என்ற இருப்புக் கணக்கு. இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆள்கள், ஆனால் இருவரும் டாம்கேட் சர்வரைப் பயன்படுத்தினார்கள். அது மாற்றச் சொல்லாதவரை 8080இல்தான் உட்காரும். நிறுவியவர் வேலையைச் சுருக்க, இரண்டு கன்டெய்னர்களையும் கணினியின் சொந்த நெட்வொர்க்கிலேயே விட்டுவிட்டார். கரண்ட் போய் வந்ததும் இரண்டும் தாமாக எழுகின்றன. எது முந்துகிறதோ அதற்கு 8080. மற்றது 98ஐ வாங்கிக்கொண்டு விழும், டாக்கர் அதைத் தூக்கிவிடும், மறுபடி விழும். முதல் இடைவெளி 100 மில்லி வினாடி, பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு, ஒரு நிமிடம் வரை. கூலி போடும் சனிக்கிழமை காலையில் குமாஸ்தா வழக்கமான புத்தகக்குறியைத் தட்டினால் பாவு இருப்புப் பக்கம் திறக்கிறது. அவர் எதையும் மாற்றவில்லை, நிரல்களும் மாறவில்லை. விடிகாலையில் யார் கால் நொடி முந்தினார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

இதில் தவறு யாருடையது என்பது அற்பக் கேள்வி இல்லை. தோற்ற கன்டெய்னர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வென்றதும் எதையும் பறிக்கவில்லை. கெர்னலுக்கு முறை தெரியும், நியாயம் தெரியாது. முந்தி வந்தவருக்கே இடம் என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு அது காலம் தள்ளுகிறது. இந்த விதியின் போதாமையை இதே பகுதியின் பாசனக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பல்லடம் வட்டாரத்துக்கும் தண்ணீர் தரும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் வாய்க்காலை அதன் போக்கில் விட்டால் தலைமடைக்காரர் வயல் நிறையும், வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடைக்கு ஈரம் மட்டும் போய்ச் சேரும். முந்தி இருப்பது அங்கே உழைப்பால் வந்ததில்லை, நிலம் அமைந்த இடத்தால் வந்தது. ஆகவே 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, திருமூர்த்தி அணையிலிருந்து ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை என்று திறக்கிறார்கள். முறை சுற்றித் திரும்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். ஒரே வாய்க்காலைக் கேட்கும் நான்கு பேருக்கு இடத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாதபோது காலத்தைப் பிரித்துக் கொடுப்பது அது. போர்ட்டுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் அழைக்கிறவர் எந்த நேரமும் அழைப்பார். முறைத் தண்ணீருக்கு வயல் காத்திருக்கும். கூலி வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார்.

போர்ட் மோதலைத் தீர்க்க நடைமுறையில் உள்ள வழிகளில் முதலாவது, கன்டெய்னருக்கு அதன் நெட்வொர்க் சுவரைத் திருப்பிக் கொடுப்பது. தனிப் பெயர்வெளியில் விட்டால் இரண்டும் உள்ளுக்குள் 8080இலேயே நிம்மதியாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வருபவர் உள்ளே எப்படி வருவார்? கணினியின் சொந்த எண் ஒன்றை உள்ளே இருக்கும் 8080க்கு இணைத்துவிட வேண்டும். ஒன்றுக்கு 8081, மற்றதற்கு 8082. மறதியில் இரண்டுக்கும் 8081ஐ எழுதினால் அதே மோதல் ஒரு படி மேலே வந்து நிற்கும். பிரித்ததால் மோதல் ஒழியவில்லை, பகிரும் இடம் எதுவோ அங்கே குடிபெயர்ந்தது. குடத்தை எத்தனை சுவர் வைத்துக் கட்டினாலும் வாய் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். வாய் இல்லாத குடத்தில் யாரும் தண்ணீர் மொள்ள முடியாது.

இரண்டாவது வழி பெயரை மாற்றுவது. ஒரு நிரலின் அமைப்புக் கோப்பில் 8080ஐ 8090 ஆக்கினால் வேலை முடிந்தது. எளியது, ஆனால் பெயர் மாறியதை அந்தப் பெயரால் கூப்பிடும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எண்ணுக்கும் நிரலுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்பதால்தான் மாற்ற முடிகிறது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22 கிடைத்த கதை இதற்குச் சான்று. 1995இல் அதை எழுதிய பின்லாந்துக்காரர் டாட்டு யுலோனன், 21 எஃப்டிபிக்கும் 23 டெல்நெட்டுக்கும் போயிருக்க நடுவில் 22 காலியாகக் கிடப்பதைப் பார்த்து, எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார், கொடுத்துவிட்டார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு நித்தியம் என்ற மீமாஞ்சகரும், அது மனிதர் வைத்த சங்கேதம் என்ற நையாயிகரும் சண்டையிட்ட விஷயத்தில், போர்ட் எண் ஐயத்துக்கு இடமின்றி நையாயிகர் பக்கம். ஆனால் முப்பது ஆண்டு எல்லோரும் 22ஐத் தட்டியபின் அதை மாற்றிப் பார்ப்பவருக்கு, சங்கேதம் எப்படி நித்தியம்போல இறுகிவிடுகிறது என்பதும் புரியும்.

மூன்றாவது வழி வாசலில் ஒரு ஆளை நிறுத்துவது. 80ஐயோ 443ஐயோ அந்த ஒரே நிரல் வைத்துக்கொள்ளும். வருபவர் யாரைத் தேடி வந்தார் என்று கேட்டு உள்ளே உரிய கன்டெய்னருக்கு அனுப்பும். தேடி வந்த தளத்தின் பெயரை வருபவரே சொல்ல வேண்டும் என்ற விதி 1997இல் ஹெச்டிடிபி 1.1 வந்தபோது கட்டாயமானதால் இது சாத்தியமாயிற்று. அதற்கு முன் ஒரு தளத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. இங்கே மோதல் தீர்வது இடம் கூடியதால் இல்லை, அழைப்பில் அறிவு கூடியதால். தபாலில் பழனிசாமி என்பதோடு தோட்டத்தின் பெயரும் எழுதி வந்தால் தபால்காரருக்கு என்ன தடை? ஆனால் எல்லா நெறிமுறைக்கும் இந்தப் பண்பு இல்லை. எஸ்எஸ்ஹெச்சின் முதல் வணக்கத்தில் எந்தப் பெயரும் வராது. அப்படிப்பட்டவற்றை வாசல்காரர் பெயர் பார்த்துப் பிரிக்க முடியாது; பழைய இரண்டு வழிகள்தான் கதி.

நான்காவது வழி தத்துவக் கண்ணுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது, நடைமுறையில் குறைவாகப் பயன்படுவது. 2013இல் வந்த லினக்ஸ் 3.9 முதல், ஒரே முகவரியில் ஒரே எண்ணில் பல நிரல்கள் அமரலாம். அதற்கான அனுமதிக் குறியை முதலாமவர் உட்பட அனைவரும் வைத்திருக்க வேண்டும். அனைவரும் ஒரே பயனரின் பெயரில் ஓட வேண்டும். வருகிற அழைப்புகளை அழைப்பவரின் முகவரி, எண் முதலியவற்றைக் கணக்கிட்டு கெர்னலே பிரித்துக் கொடுக்கும். மூர்த்தப் பொருள்களுக்கான விதி கணினியில் இயற்கை விதி இல்லை, உடன்பாடு என்பது இதனால் வெளிப்படுகிறது. ஆனால் இது கூலிக் கணக்கையும் இருப்புக் கணக்கையும் ஒன்றாக உட்கார வைக்க உதவாது. யாரிடம் போனாலும் ஒரே விடை கிடைக்கும் என்றால்தான் யாரிடமும் அனுப்பலாம். ஒரே நிரலின் பல பிரதிகளுக்கே இது பொருந்தும். ஓரிடத்தில் பலர் இருக்க வேண்டுமானால் அந்தப் பலரிடையே வேற்றுமை இருக்கக் கூடாது. லாக்கின் அளவுகோல் இங்கே தலைகீழாக நிற்கிறது: அவர் ஒரே இனத்தவைக்கு மறுத்த இடம் இங்கே ஒரே இனத்தவைக்கு மட்டுமே பயன்படுகிறது.

மோதக்கூடும் என்று தெரிந்தே நெட்வொர்க்கைப் பகிரும் அமைப்பும் உண்டு. 2014இல் வெளியான குபர்னெட்டிஸில் பாட் என்ற அலகுக்குள் இருக்கும் கன்டெய்னர்கள் அனைத்துக்கும் நெட்வொர்க் பெயர்வெளி ஒன்றே. கோப்பு தனி, நெட்வொர்க் பொது. இதன் விளைவுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 127.0.0.1 என்ற முகவரிக்கு எந்தக் கணினியிலும் ஒரே பொருள்: தானே. கணினி தன்னைத்தான் சுட்டும் சொல் அது. 'நான்' என்பதற்குச் சமம். தனிப் பெயர்வெளி உள்ள ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதன் 'நான்' வேறு. பாட்டுக்குள்ளோ ஒரு கன்டெய்னர் 'என்னுடைய 5432' என்று அழைத்தால் பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கும் தரவுத்தளம் எழுந்து பதில் சொல்லும். இரண்டு பேர், ஒரு 'நான்'.

இந்த நிலையைக் குட உவமையால் சொல்ல முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சொன்ன விளக்கம் இன்னும் நெருங்கி வருகிறது. அத்துவிதம் என்ற சொல்லில் உள்ள மறுப்பு, இரண்டு என்ற எண்ணிக்கையை மறுப்பதில்லை, பிரிந்து நிற்றலை மறுக்கிறது என்பது சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தத்தின் நிலை. பொருளால் இரண்டு, கலப்பால் ஒன்று, செயலில் உடன் நிற்பது. உயிர்கள் தம்முள்ளும் பலவே. ஒரு தோற்றத்தின் பல நிழல்கள் அல்ல. பாட்டுக்குள் இருக்கும் இரண்டு நிரல்கள் ஒன்றே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓடும். ஆனால் அழைக்கும் வெளியுலகுக்கு அவை ஒரு முகவரி. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்கும் என்று சித்தாந்தம் சொல்வதையும் இங்கே காணலாம்: எந்தப் பெயர்வெளியில் விடப்படுகிறதோ அதுவே அந்த நிரலின் 'நான்'. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். சித்தாந்தத்தின் உயிர் அறிவுடையது, விடுதலைக்கு உரியது. கன்டெய்னருக்கு இரண்டும் கிடையாது. வேற்றுமை உண்மையாக இருந்தும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்குத் தருக்க வடிவம் தருவது மட்டுமே இங்கே அதன் வேலை, அதை அது செவ்வனே செய்கிறது.

பாட்டின் பெயர்வெளி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், அங்கே ஒரு வேலையும் செய்யாத ஒரு கன்டெய்னர் இருப்பது தெரியவரும். அதற்குப் பாஸ் என்று பெயர். சற்றே நிறுத்தல் என்று பொருள். அதன் நிரல் சில வரிகள்தான்; எழுந்ததும் தூங்கப் போய்விடும். எந்தப் போர்ட்டிலும் அது உட்காராது, எந்த அழைப்புக்கும் விடை தராது. பெயர்வெளியைப் பிடித்துக்கொண்டு இருப்பது மட்டுமே அதன் கடமை. வேலை செய்யும் கன்டெய்னர்கள் விழுந்தும் எழுந்தும் மாறிக்கொண்டிருக்க, முகவரி மாறாமல் நிற்பது இதனால்தான். எதையும் செய்யாமல், எல்லாச் செயலுக்கும் இடமாக நிற்கும் சாட்சி என்று வேதாந்தம் சொல்வதை நிரலாக எழுதச் சொன்னால் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. குட உவமையில் அத்வைதிக்கு நேர்ந்த குறையை இந்தத் தூங்கும் நிரல் ஓரளவு ஈடுசெய்கிறது.

சில மோதல்களில் எதிராளியே இருப்பதில்லை. ஒரு நிரல் நின்றுவிட்டது; பட்டியலில் தேடினால் அதன் பெயர் இல்லை; ஆனாலும் அதன் எண்ணில் புதியவர் உட்காரப் போனால் 98 வருகிறது. இறந்தவரின் இணைப்புகளில் சில இன்னும் முடிவுக்கு வராமல் கெர்னலின் கணக்கில் நிற்பதே காரணம். லினக்ஸில் இந்தக் காத்திருப்பு 60 வினாடி. வழியில் தாமதமாகிப் பிந்தி வரும் பொட்டலம் ஏதாவது புதியவரின் கணக்கில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஒருவர் செய்ததன் பயன் இன்னொருவரைப் போய்ச் சேரக் கூடாது என்ற கவலையை இந்திய மரபில் வினைக் கொள்கையைத் தவிர வேறெதுவும் இவ்வளவு தீவிரமாகப் பட்டதில்லை. கையை எடுத்தபின்னும் சிறிது நேரம் சுழலும் குயவன் சக்கரத்தைச் சாங்கிய காரிகை காட்டுவது, ஞானம் வந்த பின்னும் உடல் ஏன் உடனே விழுவதில்லை என்பதை விளக்க; நின்றுபோன நிரலின் இணைப்புகளும் அப்படித்தான் சிறிது நேரம் எஞ்சி நிற்கின்றன. காத்திருக்கப் பொறுக்காதவருக்குக் கெர்னல் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: பழைய எச்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காரலாம். சர்வர் நிரல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சொல்கின்றன.

0.0.0.0 என்ற முகவரியைத் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கணினியின் எல்லா முகவரிகளிலும் என்று அதற்குப் பொருள். முகவரியைக் குறிப்பாகச் சொல்லாத நிரல் பெரும்பாலும் இதையே எடுத்துக்கொள்கிறது. 127.0.0.1இல் மட்டும் 8080ஐக் கேட்ட ஒரு நிரலும், வெளி முகவரியில் மட்டும் 8080ஐக் கேட்ட இன்னொன்றும் ஒன்றாக வாழும். எல்லாமும் எனக்கே என்று வந்த மூன்றாவது, இருவரோடும் மோதும். பல்லடத்து அலுவலகத்தில் நிகழ்ந்ததும் இதுதான். இரண்டு கன்டெய்னர்களும் எல்லா முகவரியையும் கேட்டன, தேவைப்பட்டதோ ஒன்று.

எதையும் கேட்காமல் இருக்கவும் வழி உண்டு. போர்ட் எண் 0 என்று சொன்னால், எதுவானாலும் சரி என்று பொருள்; காலியாக உள்ள எண் ஒன்றைக் கெர்னலே எடுத்துத் தரும், வழக்கமாக 32768க்கும் 60999க்கும் இடையில். இப்படிக் கேட்கும் நிரல்கள் ஒருபோதும் மோதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் வேறு எண் என்பதால் அவற்றை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. யார் எந்த எண்ணில் இருக்கிறார் என்று எழுதி வைத்துக் கேட்பவருக்குச் சொல்ல ஒரு பதிவேடு தேவைப்படுகிறது. அந்தப் பதிவேட்டை நடத்தும் நிரல் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல இன்னொரு பதிவேடு வைத்தால், அதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். நையாயிகர் இதை அனவஸ்தை என்று குற்றமாக எண்ணுவர். ஆகவே எங்காவது ஓரிடத்தில் ஒரு எண் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தாக வேண்டும். சன் கணினி நிறுவனத்தின் பழைய நெட்வொர்க் அமைப்பில் இப்படிப் பதிவேடு நடத்திய நிரலுக்கு 111 ஒதுக்கப்பட்டது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஒரே நெட்வொர்க்கைப் பகிரும் இரண்டு கன்டெய்னர்களில் அந்தப் பதிவேட்டை ஆளுக்கொன்றாகத் தொடங்கினால், இரண்டாவதற்கு 98 வரும்.